அமெரிக்காவில் குடும்ப வன்முறையும் விசாவும்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

அமெரிக்காவில் கணவனின் வன்முறையிலிருந்து வெளியேற நினைக்கும் ஒரு பெண் குடிவரவு வக்கீலிடம் போனால், காயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு கேள்வி வரும்: உங்கள் கணவர் என்ன ஸ்டேட்டஸில் இருக்கிறார்? கேட்கவே கசக்கும் கேள்விதான். ஆனால் அவர் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா, எச்-1பி வேலை விசாவில் இருப்பவரா என்பதை வைத்துத்தான் எந்தக் கதவு திறக்கும் என்பது தீர்மானமாகிறது. ஒரே மாதிரி அடி வாங்கிய இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மூன்று வழிகள் இருக்கும். இன்னொருத்திக்கு ஒன்றுதான் இருக்கும், அதுவும் பல வருட வரிசையோடு.

பொதுவாக இந்த வழிகளைப் பட்டியலாகப் போட்டு, தகுதி இன்னது, படிவம் இன்னது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. எந்த வழி என்பதைவிட எதற்கு முன் எதைச் செய்கிறோம் என்பதுதான் நிறைய வழக்குகளைத் தூக்கி நிறுத்துகிறது, கவிழ்க்கவும் செய்கிறது. விவாகரத்துத் தாளில் கையெழுத்து, போலீஸ் புகார், குழந்தையோடு ஊருக்குப் பயணம் ஆகிய மூன்றும் தவறான நேரத்தில் நடந்தால் திறந்திருந்த கதவு மூடிக்கொள்ளும்.

கணவர் குடிமகன் அல்லது கிரீன் கார்டுக்காரர் என்றால்

இங்கே தெளிவான வழி இருக்கிறது. பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் 1994ல் வந்தது. வக்கீல்கள் வாயில் அது ‘வாவா’. அதன்படி மனைவியே தன் பெயரில் ஐ-360 என்ற மனுவைப் போடலாம். வழக்கமான திருமண கிரீன் கார்டில் கணவர்தான் மனுதாரர். அவர் நினைத்தால் திரும்பப் பெறலாம். பல வீடுகளில் மிரட்டலின் அச்சாணியே அதுதான். வாவாவில் அந்தப் பிடி அவர் கையிலிருந்து போய்விடுகிறது. அவருக்குத் தகவல் போகாது, அவர் கையெழுத்து வேண்டாம், மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

1996ல் சேர்ந்த ரகசியக் காப்பு விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘இது போலிக் கல்யாணம், அவளைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று கணவர் அரசுக்கு எழுதிப்போட்டால், அவர் தரும் தகவலை மட்டும் வைத்து அதிகாரிகள் அவளுக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது. அந்த மிரட்டலைக் கேட்டுக் கேட்டு நடுங்கிப்போன பெண்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான் என்பேன்.

போலீஸ் புகார் இருந்தே ஆக வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாவாவுக்கு அது கட்டாயமில்லை. நம்பத்தகுந்த எந்த ஆதாரத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாட்ஸ்அப் செய்திகள், புகைப்படங்கள், பக்கத்து வீட்டுக்காரர் அல்லது தோழியின் சத்தியக் கடிதம், மனநல ஆலோசகரின் அறிக்கை எல்லாம் எடுபடும். உடல் காயமும் தேவையில்லை; ‘மிகக் கடுமையான கொடுமை’ என்ற பிரிவில் பாஸ்போர்ட்டை ஒளித்து வைப்பது, பணத்தைத் தராமல் முடக்குவது, யாரோடும் பேசவிடாமல் அடைத்து வைப்பது, நாடு கடத்திவிடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் கணக்கில் வரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாமியாரோ நாத்தனாரோ செய்தது மட்டும் போதாது. கணவர் அதற்கு உடந்தை, அல்லது தெரிந்தே விட்டார் என்று காட்ட வேண்டும்.

இரண்டு கெடுக்கள் உண்டு. விவாகரத்து ஆகிவிட்டால் 2 வருடத்துக்குள் மனுப்போட வேண்டும்; அந்த விவாகரத்துக்கும் வன்முறைக்கும் தொடர்பு காட்ட வேண்டும். மனு அங்கீகரிக்கப்படும் முன் மறுமணம் செய்துகொண்டால் மனு போச்சு. கணவர் கிரீன் கார்டுக்காரராக இருந்து குடும்ப வன்முறைக் காரணத்தால் தன் ஸ்டேட்டஸை இழந்திருந்தாலும் அதே 2 வருடக் கெடு ஓடும். எல்லாம் சரியாக இருந்தாலும் முடிவு வர வருடக்கணக்கில் ஆகிறது. கணவர் குடிமகன் என்றால் கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் கூடவே போட்டு, அதன் அடிப்படையில் வேலை அனுமதி கேட்க முடிவது பெரிய ஆறுதல்.

பெயரில் பெண்கள் என்று இருந்தாலும் ஆண்களும் போடலாம். 21 வயது கடந்த குடிமகன் மகனோ மகளோ கொடுமைப்படுத்தினால் பெற்றோரும் போடலாம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து, சம்பளமில்லா வேலையாளாகி, வாய் திறந்தால் ஏச்சும் அடியும் வாங்கும் தாய்தகப்பன்மாரைப் பற்றி நம் சமூகத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அவர்களுக்கும் இந்தப் படிவம் உண்டு.

2 வருட கிரீன் கார்டு கையில் இருந்தால்

கல்யாணமாகி 2 வருடம் ஆகும் முன் கிரீன் கார்டு வந்திருந்தால் அது நிபந்தனைக் கார்டு. முடியும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். கணவர் கையெழுத்துப் போட மறுத்தாலோ, கையெழுத்தைக் காட்டியே மிரட்டினாலோ மனைவி தனியாக விலக்குக் கேட்கலாம். விவாகரத்தைக் காரணமாகச் சொன்னால் இறுதித் தீர்ப்பு வேண்டும். வன்முறையைக் காரணமாகச் சொன்னால் விவாகரத்தே தேவையில்லை. கார்டு முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கல்யாணம் மெய்யானது என்பதற்கான சான்றுகள் (சேர்ந்த வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், படங்கள்) எப்படியும் வேண்டும். வீட்டைவிட்டு வெளியேறும் அவசரத்தில் நகையை எடுத்துக்கொள்பவர்கள் இந்தத் தாள்களை விட்டுவிடுகிறார்கள். போனில் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, கணவருக்குத் தெரியாத மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்தால் போதும்.

எச்-4: நம்மவர்களின் இக்கட்டு

இங்கேதான் கட்டுரை நீளப்போகிறது, ஏனென்றால் தமிழ்ப் பெண்களில் நிறையப் பேர் நிற்கும் இடம் இது. கணவர் எச்-1பியில் இருந்தால் மனைவி இருப்பது அவரைச் சார்ந்த எச்-4 விசாவில்; அவளுக்கு வாவா மனு கிடையாது. அவருடைய கிரீன் கார்டு மனு அங்கீகாரமாகி இந்தியர்களுக்கான நீண்ட வரிசையில் காத்திருந்தாலும் கிடையாது. கிரீன் கார்டு அவர் கைக்கு வந்த பிறகுதான் மனைவி அந்தத் தகுதிக்குள் வருகிறாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்தாலோ எச்-4 அன்றோடு முடிகிறது. 2015 முதல் எச்-4 மனைவியரில் ஒரு பகுதியினருக்குக் கிடைக்கும் வேலை அனுமதியும் அதோடு போகும்.

இந்த நிலையில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ண வேண்டாம். சில சேர்ந்து போகும், சில முட்டிக்கொள்ளும்.

முதலாவது யூ விசா. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. குடும்ப வன்முறை, பாலியல் தாக்குதல், பின்தொடர்ந்து தொல்லை செய்தல் போன்ற குற்றங்களால் கணிசமான பாதிப்புக்கு ஆளாகி, விசாரணைக்கு உதவியவர்களுக்கானது. கணவரின் ஸ்டேட்டஸ் எதுவானாலும் கவலையில்லை. கல்யாணம் ஆகியிருக்கவும் வேண்டாம். ஐ-918 படிவத்துக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளையும் சேர்க்கலாம். விசா கிடைத்து 3 வருடம் தங்கினால் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

தடை இரண்டு. ஒன்று, போலீஸோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ ‘இவர் உதவினார்’ என்று ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான 6 மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கையெழுத்திடும்படி மத்தியச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் காலக்கெடு வைத்திருக்கின்றன. வேறு சில ஊர்களில் அந்தக் காகிதம் மேசையிலேயே கிடக்கும். கணவர் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை, வழக்கே பதிவாகாமலும் போகலாம். ஆனால் புகார் என்று ஒன்று இருந்தாக வேண்டும். இரண்டாவது தடை வருடத்துக்கு 10,000 விசா என்ற உச்சவரம்பு. வரிசையில் லட்சக்கணக்கானோர் நிற்கிறார்கள். 2021 ஜூனில் ஒரு மாற்றம் வந்தது: மனு நேர்மையானது என்று முதற்பார்வையில் தெரிந்தால், விசா வரும்வரை 4 வருட வேலை அனுமதியும் நாடுகடத்தலைத் தள்ளிவைக்கும் பாதுகாப்பும் தரலாம். அந்த முதற்பார்வைக்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது ஐ-765வி. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது, சில வக்கீல்களுக்கும் கூட. ஏ (தூதரக அதிகாரிகள்), ஈ-3 (ஆஸ்திரேலியத் தொழில்நிபுணர்கள்), ஜி (சர்வதேச அமைப்பு ஊழியர்கள்), எச் (எச்-1பி இதில் அடங்கும்) வகை விசாக்காரர்களின் துன்புறுத்தப்பட்ட மனைவி அல்லது கணவனுக்கு 2 வருட வேலை அனுமதி தரும் படிவம் இது. கணவரின் கையெழுத்தோ அவருடைய கிரீன் கார்டு மனுவோ தேவையில்லை. ஆனால் இது வேலை அனுமதி மட்டுமே. தங்கும் உரிமையைத் தராது, கிரீன் கார்டுக்கு இட்டுச் செல்லாது. இருந்தும் கையில் சம்பளம் வருவதற்கு எவ்வளவு மதிப்பு என்று கணவரிடம் காய்கறிக்குக் கணக்குச் சொன்ன பெண்ணிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் எச்-4ல் இருப்பவர் வக்கீலிடம் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது வழி வன்முறைச் சட்டங்களில் எங்கும் எழுதப்படாதது: எச்-4 உயிரோடு இருக்கும்போதே சொந்த ஸ்டேட்டஸுக்கு மாறிக்கொள்வது. படிப்பில் சேர்ந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறலாம். வேலை தரும் நிறுவனம் கிடைத்தால் சொந்த எச்-1பிக்கு முயலலாம். பொறியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இது கற்பனை அல்ல. போலீஸும் வேண்டாம், நிரூபணமும் வேண்டாம். ஆனால் எஃப்-1க்குக் கல்விக் கட்டணமும் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் வேண்டும், படிப்பு முடிந்தால் திரும்பிப் போவேன் என்ற நோக்கத்தையும் காட்ட வேண்டும். கிரீன் கார்டில் முடியக்கூடிய யூ விசா மனுவோடு இது எப்படி ஒத்துப்போகும் என்பதை வக்கீல் பார்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக, இந்த ஸ்டேட்டஸ் மாற்றம் விவாகரத்துத் தீர்ப்புக்கு முன் நடக்க வேண்டும். ‘சமாதானமாக முடித்துக்கொள்ளலாம், ஒரு கையெழுத்துப் போடு’ என்று நீட்டப்படும் தாளுக்கு அவசரப்படக் கூடாது என்பது இதனால்தான்.

போலீஸை அழைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்றாலோ, பாதுகாப்பு ஆணையை மீறினாலோ குடிமகன் அல்லாதவர் நாடு கடத்தப்படலாம். 1996 முதல் சட்டம் அப்படித்தான். எச்-1பிக்காரர் போனால் எச்-4ம் கூடவே போகும். ‘அவரை ஜெயிலில் போட வேண்டாம், என்னை அடிக்காமல் விட்டால் போதும்’ என்று பெண்கள் சொல்வதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும் காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு மாநில நீதிமன்றத்தின் சிவில் பாதுகாப்பு ஆணை நடுவழியாக இருக்கும். அதைப் பெற எந்த விசாவும் தேவையில்லை. கணவரை வீட்டைவிட்டு வெளியேற்றவும் குழந்தைகளின் பொறுப்பைத் தற்காலிகமாகத் தீர்மானிக்கவும் பல மாநிலங்களில் அதிலேயே கேட்கலாம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் இந்தக் கணக்கெல்லாம் அப்புறம். அவசர உதவி எண் 911ஐ அழைக்க வேண்டியதுதான். போலீஸ் வந்ததும் கணவரை மொழிபெயர்க்க விடக்கூடாது. ‘தமிழ்’ என்று சொல்லித் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். இந்தியர் என்றதும் இந்தி பேசுபவரை இணைத்துவிடக்கூடும்.

தஞ்சமும் டி விசாவும்

தஞ்சம், அதாவது அசைலம், ஊருக்குத் திரும்பினால் ஆபத்து என்பவர்களுக்கானது. வந்து ஒரு வருடத்துக்குள் ஐ-589 விண்ணப்பம் போட வேண்டும், விதிவிலக்குகள் குறைவு. பாலின வன்முறையை இந்த வழியில் ஏற்பது நீதிபதிகள் கையிலும் தலைமைச் சட்ட அதிகாரியின் கையிலும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. பெண்ணுறுப்புச் சிதைப்புக்குப் பயந்து டோகோவிலிருந்து ஓடிவந்த ஃபௌசியா கஸிஞ்சாவின் வழக்கில் 1996ல் கதவு திறந்தது. அந்த வழக்கில் உழைத்த சட்ட மாணவி லேலி மில்லர் மறுவருடம் தொடங்கியதுதான் தஹிரி நீதி மையம். 2014ல் கணவனின் வன்முறைக்கும் அந்தக் கதவு திறந்தது. 2018ல் மூடியது, 2021ல் மறுபடி திறந்தது, 2025ல் மீண்டும் இறுகியிருக்கிறது. அதே வருடம், அதுவரை இலவசமாக இருந்த விண்ணப்பத்துக்கு 100 டாலர் கட்டணமும் வந்தது. வேறு வழி இருப்பவர் இதை முதல் தேர்வாக வைத்துக்கொள்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சாதி மாறிக் கல்யாணம் செய்து சொந்தக் குடும்பத்தாலேயே கொலை மிரட்டலுக்கு ஆளானவர் போன்றோருக்கு வேறு வழி இல்லாமலும் போகலாம். அப்போது அந்த ஒரு வருடக் கெடுதான் முதல் கவலை.

டி விசா ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களுக்கு. வீட்டு வேலைக்கென்று அழைத்துவந்து பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, மிரட்டி வேலை வாங்கினால் அதுவும் ஆள்கடத்தல்தான். வருடத்துக்கு 5,000 என்ற வரம்பு இருந்தாலும் யூ விசாவைப் போல நெரிசல் இல்லை. போலீஸ் சான்றும் கட்டாயமில்லை.

யாரிடம் போவது

குடிவரவு நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் கிடைக்காது. ஆகவே இதுவும் ஒரு தேர்வுதான்.

முதலில் யாரிடம் போகக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணவரின் எச்-1பி வேலையைப் பார்த்த நிறுவன வக்கீலிடம் போகக் கூடாது. உங்கள் எச்-4 படிவத்தையும் அவரே நிரப்பியிருக்கலாம், அன்பாகவும் பேசுவார்; ஆனால் அவருடைய கட்சிக்காரர் நிறுவனமும் கணவரும்தான். அடுத்து, வக்கீல் இல்லாமலே ‘எல்லாம் முடித்துத் தருகிறேன்’ என்று சொல்லும் ஆலோசகர்கள். தப்பான மனு மறுக்கப்பட்டால் நாடுகடத்தல் வழக்குக்கான நோட்டீஸ் வரக்கூடிய காலம் இது.

தனியார் வக்கீலிடம் வேகமும் கவனமும் கிடைக்கும், செலவு அதிகம். கணவரோடு சேர்ந்த கணக்கிலிருந்து பணம் கட்டினால் ரகசியமும் போகும். வாவாவும் யூ விசாவும் எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். வேலை விசாவில் கெட்டிக்காரராக இருப்பவர் இதில் கற்றுக்குட்டியாக இருக்கலாம்.

இலவச சட்ட உதவியில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 1974ல் உருவான சட்டச் சேவைக் கழகத்தின் நிதியைப் பெறும் அமைப்புகள் ஆவணம் இல்லாதவர்களுக்கு வாதாடக் கூடாது என்பது பொது விதி. அதனால் நமக்கு அங்கே வேலை இல்லை என்று பலர் போவதேயில்லை. குடும்ப வன்முறை, பாலியல் தாக்குதல், ஆள்கடத்தல் ஆகியவற்றுக்கு ஆளானவர்களுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு, விசா எதுவானாலும். இவர்களிடம் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். முதல் இடத்தில் கைவிரித்தால் அடுத்த இடத்தைத் தட்ட வேண்டும். நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் வக்கீல் அல்ல என்றாலும் குடிவரவு மனுக்களைச் சட்டப்படி கையாளலாம்.

தெற்காசியப் பெண்களுக்கான அமைப்புகள் வேறு வகை. நியூ ஜெர்சியில் 1985ல் தொடங்கிய மானவி, நியூயார்க்கில் 1989ல் தொடங்கிய சகி, கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் 1991ல் தொடங்கிய மைத்ரி போன்றவை. இங்கிருக்கும் ஆதரவுப் பணியாளர்கள் சட்ட ஆலோசனை தர முடியாது. ஆனால் தங்குமிடம் தேடுவது, நீதிமன்றத்துக்குக் கூடவே வருவது, நம்பகமான வக்கீலிடம் சேர்ப்பது எல்லாம் செய்கிறார்கள். ‘மாமனார் மாமியார் வீட்டில் இருக்கும்போது போன் பேச முடியாது’ என்றால் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் வக்கீலைத் தேடுவதற்கு முன் இங்கே பேசுவது நல்லது என்பது என் கருத்து. தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

எங்கே போனாலும், அரசிடமிருந்து வரும் கடிதங்களுக்கு வீட்டு முகவரியைக் கொடுக்காதீர்கள். படிவத்திலேயே பாதுகாப்பான முகவரி எழுத இடம் உண்டு.

ஊருக்குத் திரும்பிவிட்டால்?

இதையும் ஒரு வழியாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். தோல்வி என்று முத்திரை குத்த வேண்டாம். இந்தியாவில் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கணவன் மீதும் அவன் குடும்பத்தார் மீதும் கொடுமைப் புகார் கொடுக்கலாம் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கணவர் அமெரிக்காவில் பெறும் விவாகரத்தும் இந்தியாவில் தானாகச் செல்லுபடியாகாது. இந்துத் திருமணச் சட்டம் ஏற்காத காரணத்தில், மனைவியின் பங்கேற்பில்லாமல் பெற்ற தீர்ப்பை ஏற்க முடியாது என்று 1991லேயே சொல்லப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவரைக் கோர்ட்டுக்கு வரவழைப்பதோ இழுத்துக்கொண்டே போகும்.

குழந்தை இருந்தால் நிலைமை வேறு. கணவரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் குழந்தையை அமெரிக்காவிலிருந்து கூட்டிப்போனால், அந்நாட்டின் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமாகலாம். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி ஓடியதை எதிர்வாதமாக வைக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அதை நிரூபிக்கும் சுமை அம்மாவின் தலையில். அப்படிக் கொண்டுபோன குழந்தையை வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பக் கோரும் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, இலங்கை சேர்ந்திருக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்துக்குப் போகும் அம்மாவுக்கும் மதுரைக்குப் போகும் அம்மாவுக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. டிக்கெட் வாங்கும் முன் குடும்பநல வக்கீலைப் பார்த்தாக வேண்டும்.

லீவுக்கு என்று கூட்டிவந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு மனைவியை விட்டுவிட்டுத் திரும்பிப்போகும் கணவர்களும் உண்டு. அப்படி விடப்பட்டவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். வன்முறை அமெரிக்க மண்ணில் நடந்திருந்தால், கணவர் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ ஆக இருக்கும்பட்சத்தில், வெளிநாட்டில் இருந்தபடியே வாவா மனுப்போடலாம். யூ விசாவும் அப்படித்தான். அங்கே இருந்தபோது போலீஸுக்குப் போயிருந்தால் அந்தப் புகாரின் எண்ணை வைத்து ஊரிலிருந்தே சான்றுக் கையெழுத்துக் கேட்கலாம். தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு உள்ளூர்ப் போலீஸில் புகார் கொடுத்துப் புதியது எடுப்பதோடு அந்த வேலையைத் தொடங்கலாம்.